கரண்டு வைத்த கை

எழுபதுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தின் டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த அம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கி, மடங்க மறுத்தன. மாத்திரைகள் பலிக்காததால், புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சையே மிகக் குறைந்த அளவில் கண்டி ஆஸ்பத்திரியில் சில தடவை கொடுத்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதற்குப் பெயர் கரண்டு. சில வாரங்களில் வலி குறைந்தது. அம்மா வேலைக்குத் திரும்பினார்.

சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து என்று மட்டமாக வெட்டிய தேயிலைச் செடிகள் மறுபடி தழைத்ததும், சாமி கும்பிட்டு முதல் கொழுந்தைக் கைராசியுள்ள ஒருவர் கிள்ளுவது வழக்கம். பல வருடங்களாக அது அம்மாவின் கை. அந்தத் தடவையும் எல்லோரும் மலையில் கூடியிருந்தோம்.

“இந்தக் கையில பல்பு மாட்டினா எரியுமாக்கா?” என்றாள் லயத்தில் எங்களுக்கு அடுத்த அறையில் இருந்த பக்கத்துக் காம்பிராக்காரி.

“எரிஞ்சா மொத பல்பு ஒன் வீட்டுக்குத்தான்டி.”

லயத்தில் அப்போது மின்சாரம் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள்.

கற்பூரம் அணைந்ததும் அம்மா செடியருகே போனார். அதே பெண் குறுக்கே வந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கக்கா. கரண்டு வச்ச கை. செடி கருகிட்டா என்ன செய்றது?”

யாரும் மறுத்துப் பேசவில்லை. பள்ளி விடுமுறையில் கூடப் போயிருந்த நானும் பேசவில்லை. வேறொருத்தி முதல் கொழுந்தைக் கிள்ளினாள். அம்மா தன் நிரையில் போய் நின்று பறிக்கத் தொடங்கினார். விரல்கள் நன்றாக மடங்கின.

அவர் பறித்த செடி எதுவும் கருகவில்லை. அடுத்த கவ்வாத்துக்குப் பிறகும் முதல் கொழுந்து கிள்ள அவரை யாரும் அழைக்கவில்லை.