நூற்றுக்கு அறுபத்தெட்டு

அந்தக் கட்டைகள் கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் பாதி சிவப்பும் பாதி வெள்ளையுமாக வண்ணம் பூசிய ஒன்பது மரக்கட்டைகள். அவற்றிலிருந்து வந்த பெயின்ட் வாசம், மிளகு காயும் களத்தில் வளர்ந்த என் மூக்குக்கு முற்றிலும் புதிது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் மலையிலுள்ள செம்மேட்டுக்கு மாதம் ஒருமுறை வரும் மருத்துவ முகாமில், கீழேயிருந்து வந்திருந்த உளவியல் படித்த அக்கா ஒருவர், அட்டையில் இருந்த படத்தைப்போல் அந்தக் கட்டைகளை அடுக்கச் சொன்னார். எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதற்கு வைத்திருந்த பெயர் "மூளை டெஸ்ட்".

நான் அங்கே போக நேர்ந்தது எழுத்துகளால். நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எனக்கு வாசிக்க வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்வதுபோல் இருக்கும், இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. தலைமையாசிரியர் என் பெயருக்கு நேரே "மந்தம்" என்று எழுதி, சோதனை முடிவைப் பார்த்துவிட்டு என்னைக் கீழே உள்ள சிறப்புப் பள்ளி விடுதிக்கு அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார். அன்று முதல் அம்மா எனக்குத் தலைவாரும்போதெல்லாம் பேசாமலே அழுதாள்.

அக்கா நல்லவர்தான். ஆனால் கட்டைகளை என் முன் தள்ளியதும் கையிலிருந்த கடிகாரத்தை அமுக்குவார், அது "டிக்" என்று ஓட ஆரம்பிக்கும், என் கண் அதன் முள்ளோடு போய்விடும். பாதி அடுக்குவதற்குள் நேரம் முடிந்துவிடும். பிறகு கேள்விகள் வந்தன. பேருந்தைத் தவற விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். "நடந்துருவனுங்க" என்றேன். வாழைப்பழமும் ஆரஞ்சும் எந்த வகையில் ஒன்று என்றார். "ரெண்டையும் கொரங்கு தின்னுப்போடுங்க" என்றேன். ஒரு வீட்டுக் கதவின் படத்தைக் காட்டி, இதில் எது இல்லை என்று கேட்டபோது, வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாசல்ல செருப்பு இல்லீங்க, ஊட்ல ஆருமில்லீங்க" என்றேன். அவர் சிரிக்காமல் ஏதோ எழுதிக்கொண்டார். கதவுக்குக் கைப்பிடி இல்லை என்பதுதான் விடையாம். எங்கள் வீட்டுக் கதவுக்கும் கைப்பிடி கிடையாது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லி ஓர் உறை வந்தது. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. சந்தையில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். உள்ளே எல்லாம் இங்கிலீஷ். கடைக்காரருக்குப் புரிந்தது கடைசியில் இருந்த எண் மட்டும்தான். "அறுவத்தெட்டுன்னு போட்டிருக்குதுங்க" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "நூத்துக்கு அறுவத்தெட்டா! பாஸாயிட்டியா சாமி!" என்று என்னைத் தூக்கிவிட்டார். சந்தையில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பேருந்தில் ஓட்டுநரிடமும் சொன்னார். அன்று அம்மா சாமைச் சோறு பொங்கிக் கோழிக்குழம்பு வைத்தாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டதும் அன்றுதான்.

மறுநாள் அப்பாவே பள்ளிக்கூடத்துக்கு வந்து, இரண்டு கையாலும் உறையை நீட்டினார். தலைமையாசிரியர் படித்துவிட்டு, "இது நூத்துக்கு வாங்குன மார்க் இல்லைப்பா. சாதாரணமா ஒரு பிள்ளைக்கு நூறையொட்டி இருக்கணும். அறுபத்தெட்டுன்னா ரொம்பக் கம்மி. அடுத்த மாசமே விடுதிக்கு எழுதிடலாம்" என்றார். அவர் கடுமையாகச் சொல்லவில்லை; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எங்கள் ஊர் இருக்கும் குண்டூர் நாட்டுக்குப் போகும் பாதையில் என் கையைப் பிடித்தபடி நடந்த அப்பா, பாதி வழியில் நின்று, "அங்க என்னென்ன கேட்டாங்க, கண்ணு?" என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "நானும் அதானே சொல்லியிருப்பேன்" என்றார்.

அடுத்த முகாம் நாளில் எங்களுக்கு முன்னால் அங்கே யாரும் வரவில்லை. அக்கா வந்து பையை இறக்கியதும் அப்பா போய் நின்றார்.

"ஏனுங்கம்மணி, என் புள்ளைக்கு வெச்ச அதே டெஸ்டை எனக்கும் வெச்சுப் பாருங்க."

"உங்களுக்கா? இது சின்னப் பிள்ளைகளுக்கானதுங்கண்ணா."

"இருக்கட்டுங்க. நான் மந்தமா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க. நானும் மந்தம்னா அவ என்னோடவே இருந்துட்டுப் போறா."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். பேருந்தைத் தவற விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "நடக்க வேண்டியதுதானுங்க. அடுத்த பஸ்ஸு சாயங்காலம்தானுங்களே" என்றார் அப்பா. வாழைப்பழமும் ஆரஞ்சும்? "ரெண்டும் கொரங்குக்குத்தானுங்க. நமக்கு எங்க மிஞ்சுது?" கதவின் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, "கதவு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். அக்கா பேனாவை மூடி வைத்தார். சிரிப்பும் கூச்சமும் கலந்த முகத்தோடு, "தப்பு எம்மேலதாண்ணா. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்னு சொன்னாத்தான் இதுல மார்க்கு. காலைல ஏறி வந்த எனக்கே இங்க அடுத்த பஸ் எப்பன்னு தெரியும்" என்றார். மறுபடி சோதிக்கும்வரை விடுதிக்கு எழுத வேண்டாம் என்று தலைமையாசிரியருக்கு ஒரு சீட்டும் கொடுத்தனுப்பினார்.

அதற்கடுத்த மாதம் அவர் வேறு கட்டைகளும் வேறு படங்களும் கொண்டுவந்தார். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். கடிகாரத்தை மடியில் என் கண்ணில் படாமல் வைத்துக்கொண்டார், கேள்விகளை எங்கள் பேச்சிலேயே கேட்டார், நான் சொன்ன விடைக்கு ஏன் அப்படி என்று காரணமும் கேட்டார். பிறகு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துத் தாளில் நான்கைந்து கோடுகள் வரைந்து காட்டினார். ஒன்று நெட்டையாக, ஒன்று குட்டையாக. "புத்திங்கிறது ஒரே சாமான் இல்லீங்க. உருவத்தைப் பாத்து அடுக்குறதுல உங்க பொண்ணு வயசுக்கு மேல இருக்கா. ஞாபகம் சராசரி. எழுத்தைப் பிடிச்சுவெக்கிறதுதான் கஷ்டம். அதுக்குத் தனியாப் பயிற்சி இருக்கு, இங்கயே பண்ணலாம். எல்லாம் சேர்த்தா தொண்ணூத்தேழு."

"அப்படின்னா?" என்றாள் அம்மா.

"எல்லாப் பிள்ளைகளையும்போல."

அம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் பிள்ளை எல்லாரையும்போல என்று கேட்டு அப்படி மகிழ்ந்த தாயை நான் பிறகு பார்த்ததில்லை. அக்கா எழுதிக்கொடுத்த கடிதத்தைப் படித்த தலைமையாசிரியர், என் பெயருக்கு நேரே இருந்த சொல்லைத் தானே அடித்தார். மணலில் விரலால் பெரிதாக எழுதிப் பழகி, ஆறாம் வகுப்பில் நான் முதன்முறையாக ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசித்தேன்.

இன்று நான் மலைத் தோட்டங்களுக்குத் தண்ணீர்க் குழாய் அமைத்துத் தருகிறேன். ஒரு சரிவை ஒருமுறை நடந்து பார்த்தால் போதும், மோட்டார் இல்லாமல் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்று சொல்லிவிடுவேன். குழாய்க்கடை ரசீதைப் படிக்க மட்டும் இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். முகாம் நடந்த ஓட்டுக் கட்டடம் இப்போது இல்லை. அறுபத்தெட்டும் தொண்ணூற்றேழும் எழுதியிருந்த இரண்டு தாள்களையும் கரையான் தின்றுவிட்டது. யாராவது கேள்வி கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே, அந்தப் பயமும் எந்த வருஷம் போனதென்று தெரியாமல் போய்விட்டது.

போன மாதம் அப்பாவிடம் கேட்டேன், அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தபோது பயமாக இல்லையா என்று.

"இல்லாம என்ன சாமி? கையெல்லாம் வேர்த்துப்போச்சு" என்றார். "எங்க நான் பாஸாயிருவனோன்னுதான்."