ஒன்பது வரதன்களில் ஒருவர்

செய்தி வந்தபோது நான் மாகறலில் ஒரு குடிசைக்குள் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து வந்த வண்டிக்காரர் வாசலில் நின்றபடியே குரல் கொடுத்தார்.

"நர்சம்மா, நம்ம வக்கீலு பூட்டாரும்மா. ஜொரம் எறங்கவே இல்லியாம். ஊரே அங்கதான் நின்னுக்கினு இருக்குது."

எந்த வக்கீல் என்று நான் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு வக்கீல்தான். பிள்ளையின் தலை தெரிய ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண்ணை அப்படியே விட்டுவிட்டு எழுந்து ஓட முடியுமா? பிள்ளையை எடுத்து, தாயைச் சுத்தம் செய்து, நான் காஞ்சிபுரம் வந்து சேர மாலை நாலு மணி ஆகிவிட்டது. பாலாற்றங்கரையிலிருந்து ஜனங்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எனக்கு இதில் துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. எங்கள் பிரசவ விடுதி திறந்திருந்தால் அந்த மாகறல் பெண் இங்கே கட்டிலில் படுத்திருப்பாள். நானும் அவர் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்திருப்பேன். விடுதியை மூடியவர்கள் இன்று அவருக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். இதை அவர்களும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வக்கீல் வரதன் அவர்கள் எங்கள் தொகுதியின் சட்டசபை அங்கத்தினர். சின்ன காஞ்சிபுரத்தில் கோயில் கைங்கரியம் செய்யும் வைஷ்ணவக் குடும்பம். போகும்போது வயது முப்பத்திரண்டு. நான் இவ்வூர்ப் பிரசவ விடுதியில் நர்சாக இருந்தவள். என் தகப்பனார் பண்ணையாள். நான் மிஷன் பள்ளியில் படித்து, சென்னையில் பயிற்சி பெற்று வந்தேன். அவர் தெருவுக்குள் என் தகப்பனார் செருப்புப் போட்டு நடந்ததில்லை. அதையும் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

முதன்முதலில் அவர் விடுதிக்கு வந்தது ஓட்டுக் கேட்க. ஆறு கட்டில்களிலும் ஆட்கள், வராந்தாவில் இரண்டு பேர் பாயில் படுத்திருக்கிறார்கள், வெந்நீர் போட ஆள் இல்லை. அந்த நேரத்தில் அங்கவஸ்திரமும் சந்தனப் பொட்டுமாக நாலு பேர் வந்து நின்றால் எரிச்சல் வருமா வராதா? "இங்கே ஓட்டு கிடையாது. விறகு பிளக்க ஆள் இருந்தால் அனுப்புங்கள்" என்று கதவைச் சாத்தப் போனேன். கூட வந்தவர்கள் முறைத்தார்கள். வரதன் அவர்கள் மட்டும் சிரித்துவிட்டு, "கோடாலி எங்கேம்மா இருக்கு?" என்றார். அவருக்கு விறகு பிளக்கத் தெரியவில்லை. கட்டை ஒரு பக்கம், கோடாலி ஒரு பக்கம் போயிற்று. ஆனால் மறுநாளிலிருந்து ஒரு ஆள் வர ஆரம்பித்தார், தேர்தல் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் கொண்டிருக்கும் ஊர் இது. சொன்னதைச் செய்த மனிதர் என்று நான் கண்டவர் இவர் ஒருவர்தான்.

ஜெயித்த அடுத்த வருஷம் தம் மனைவி ருக்மணி அம்மாளைப் பிரசவத்துக்கு எங்கள் விடுதியிலேயே சேர்த்தார். அவர்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. அவருடைய பெரியப்பா வாசலோடு நின்று கத்தினார்.

"பக்கத்துக் கட்டில்ல யாரு படுத்துண்டிருக்கான்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் பெரியப்பா. அவளும் கொழந்தை பெத்துக்கத்தான் வந்திருக்கா."

பெண் குழந்தை பிறந்தது. நான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய், வழக்கம்போல, "புருஷன் பெயர்?" என்று கேட்டேன். ருக்மணி அம்மாள் முகம் சிவந்து, "அத்திகிரி மேல நிக்கறாரே, அவர் பேர்" என்றார். வரதன் என்று எழுதிக்கொண்டேன்.

விவகாரம் முளைத்தது அங்கேதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ஐயரு வீடானாலும் சேரியானாலும் இதில் வித்தியாசம் கிடையாது. கூட வந்த மாமியாரோ நாத்தனாரோ இருந்தால் அவர்கள் சொல்வார்கள். யாரும் இல்லாவிட்டால் சாடைதான். "குமரகோட்டத்துல கீறவரு பேரும்மா" என்றால் கந்தன். "மாமரத்தாண்ட கீறாரே" என்றால் ஏகாம்பரம். "பெருமாளு பேரு" என்றால் நான் வரதன் என்று எழுதிவிடுவேன். காஞ்சிபுரத்துப் பெருமாள் வரதர் அல்லாமல் வேறு யார்? நான் வேதக்காரி, கிறிஸ்தவச்சி; எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில் சர்க்கார் செலவைக் குறைக்க ஒரு கமிட்டி போட்டது. குறைப்பதற்கு அவர்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. கோடைக்கு மலையேறும் ஆபீசுகள் படவில்லை, மேஜைக்கு மேஜை நிற்கும் டவாலிச் சேவகர்கள் படவில்லை. ஆறு கட்டில் விடுதி பட்டது. அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளை பெற்றுப் படுத்திருந்தவர்களில் ஒருத்தியைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவேட்டைப் புரட்டினார், குறித்துக்கொண்டார், போய்விட்டார். ஒரே மாதத்தில் வரதன் என்ற பெயருக்கு ஒன்பது பிள்ளைகள். ஆகவே பதிவேடு பொய், விடுதியில் அத்தனை பிரசவம் நடக்கவே இல்லை, மானியம் வீண் என்று எழுதிவைத்தார்.

அந்த அறிக்கையோடு வரதன் அவர்கள் என்னிடம் வந்தார். நடந்ததைச் சொன்னேன். என் தப்பால் விடுதி போகப்போகிறதே என்று அழுதும்விட்டேன். அவர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா இது! ஊர்ல பொறக்கற கொழந்தைக்கெல்லாம் என்னையே அப்பாவாக்கிட்டேளே! இந்த ஊர்ல பெருமாளுக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒருத்தர் இருக்கார்."

பிறகு சிரிப்பை நிறுத்தினார். "நீங்க தப்பா எழுதினது பேர. அவா தப்பா எழுதினது ஒங்க நாணயத்த. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றார். இந்த வார்த்தையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

மறுநாள் காலை பதிவேட்டோடு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். ஒன்பதில் ஒருவர் அவரே. மீதி எட்டு வீட்டுக்கும் நடந்தோம். மூன்று பேர் நிஜமாகவே வரதன்கள். மற்ற ஐந்து பேரை நான்தான் வரதனாக்கியிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் தறியை விட்டு எழுந்து வந்த நெசவாளி, "நான் ரங்கநாதன் சாமி, எம் பொஞ்சாதி ஸ்ரீரங்கத்துப் பெருமாள இல்ல சொல்லிக்கீறா" என்றார். திருப்புட்குழியில் களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தவர் ராகவன். அவர் மனைவி தன் ஊர்ப் பெருமாளைச் சொல்லியிருந்தாள், நான் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாளை எழுதியிருந்தேன். சேரிக்குள்ளும் அவர் வந்தார். ஒவ்வொரு குழந்தையையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெயரைத் திருத்தினார்.

சட்டசபையில் மானியக் குறைப்பு வந்த அன்று பார்வையாளர் மாடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஓர் அங்கத்தினர் எழுந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை; அந்த மரியாதையும் அவருக்கு வேண்டாம். "காஞ்சிபுரத்தில் ஒரே வரதனுக்கு ஒரு மாதத்தில் ஒன்பது பிள்ளைகளாம். வரம் தருகிறவர் மலைமேல் இருக்கும்போது சர்க்கார் எதற்கு மானியம் தரவேண்டும்?" என்றார். சபை கொல்லென்று சிரித்தது. இன்னொருவர், "கனம் அங்கத்தினர் பெயரும் வரதன்தானே?" என்று எடுத்துக்கொடுத்தார். மறுபடியும் சிரிப்பு. பிள்ளை பெறுவது அத்தனை வேடிக்கையா இவர்களுக்கு? இவர்களை எல்லாம் யார் பெற்றது?

வரதன் அவர்கள் எழுந்தார். இங்கிலீஷில் பேசுவார் என்று எல்லோரும் காதைத் தீட்டினார்கள். அவர் தமிழில் தொடங்கினார்.

"ஆமாம். அந்த ஒன்பதில் ஒரு வரதன் நான்தான். என் மகள் அந்த விடுதியில்தான் பிறந்தாள். மற்ற எட்டுத் தகப்பன்மார்களையும் நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பெயர், தெரு, தொழில் எல்லாம் வாசிக்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள். தன் புருஷன் நீண்ட நாள் வாழவேண்டும் என்று ஒரு பெண் வாயை மூடிக்கொள்கிறாள். அந்த மௌனத்தைப் பொய் என்று எழுதி, அவள் படுத்த கட்டிலைப் பிடுங்குகிறீர்கள். சிக்கனம் என்று அதற்குப் பெயரும் வைக்கிறீர்கள். இதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்."

அவர் வாசித்தார். நாலாவது பெயரில் சபைத் தலைவர் மணியடித்தார். ஐந்தாவது பெயரை மணிச் சத்தத்துக்கு மேலேயே வாசித்தார். எட்டையும் முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஓட்டெடுப்பில் தோற்றோம்.

விடுதியைப் பூட்டினார்கள். பூட்டிய இரண்டாம் மாதம், பூட்டியது தெரியாமல் வண்டி கட்டிக்கொண்டு வந்த ஒரு நெசவாளிப் பெண் அந்தப் படிக்கட்டிலேயே பிள்ளை பெற்றாள். என்னைத் தேடிப் பிடித்து அழைத்து வருவதற்குள் அவள் உயிர் போய்விட்டது. வரதன் அவர்கள் சபையில் கேள்வி போட்டார். "பரிசீலனையில் இருக்கிறது" என்று பதில் வந்தது. மறுபடியும் போட்டார். அதே பதில். கடைசியாக நான் அவரைப் பார்த்தது கோர்ட்டு வாசலில். முகம் வெளுத்திருந்தது. "ஒடம்பு கொஞ்சம் சரியில்லம்மா. ஆனா அந்தப் பூட்ட நான் தொறக்காம விடமாட்டேன்" என்றார். பத்தாம் நாள் அவர் இல்லை.

போன வாரம் அனுதாபக் கூட்டம் போட்டார்கள். நான் பெயர் சொல்ல மறுத்த அதே அங்கத்தினர் மோட்டாரில் வந்து இறங்கி, "என் அருமைத் தம்பி" என்று குரல் தழுதழுக்கப் பேசினார். வரதன் அவர்களின் படத்தை நகர மண்டபத்தில் மாட்டுவதென்று தீர்மானம் போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "படம் இருக்கட்டும், விடுதிச் சாவி எங்கே?" என்று கேட்டேன். "அம்மா, இது அதற்குச் சமயமல்ல" என்றார் கூட்டத் தலைவர். செத்தவரின் வேலையைப் பேச அவர் செத்த சமயமும் சமயமில்லை என்றால், வேறு எதுதான் சமயம்?

விடுதியைத் திறக்கச் சொல்லி நாங்களே ஒரு மனு எழுதினோம். கையெழுத்துப் போடும் பெண் ஒவ்வொருத்தியும் புருஷன் பெயரும் தன் வாயால் சொல்லவேண்டும். இந்தத் தடவை சாடை எதுவும் உதவாது, மறுபடியும் பொய் என்று சொல்லிவிடுவார்கள் என்று விளக்கினேன். பூட்டிய விடுதி வாசலில் நாற்பது ஐம்பது பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "அத்த மட்டும் கேக்காத நர்சம்மா" என்று ரங்கநாதன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வண்டியிலிருந்து ருக்மணி அம்மாள் இறங்கினார். புருஷன் போன துக்கத்தில் வெளியே தலைகாட்டக் கூடாத நாட்கள் அவருக்கு. பெரியப்பா தடுத்தாராம், கேட்கவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"எழுதிக்கோங்கோ. எங்காத்துக்காரர் பேர் வரதன்."

எழுதினேன். அவர் பெண்கள் பக்கம் திரும்பினார்.

"பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னா. நான் ஒரு நாள்கூடச் சொன்னதில்ல."

ரங்கநாதன் மனைவி வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். "ரங்கநாதன். எய்திக்கோ நர்சம்மா" என்றாள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அடுத்தவள் "ராகவன்" என்றாள். அதற்கடுத்தவள் "கந்தன்" என்றாள். கடைசிப் பெண்வரை சொன்னார்கள், நான் எழுதினேன்.

வக்கீல் ஐயா, இந்தத் தடவை ஒரு பெயரும் தப்பில்லை. மனுவை நாளை நானே சர்க்காரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எந்தத் தலைவர் மணியடித்தாலும் கடைசிப் பெயர்வரை வாசித்துவிட்டுத்தான் உட்காருவேன். நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.