கீழே விழுந்த நட்டு

விஜிலாக்காவுக்கு எந்நேரமும் கால்வலி. திரேஸ்புரத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வந்தபிறகு பொழுதுக்கும் மெக்கானிக்கல் லேபில் நிற்பாள். கியர்பாக்ஸைக் கழற்றிப் பூட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. கணவர் மனுவேல் மாலத்தீவுக்குப் போகும் தோணியில். வந்தால் வந்தார், இல்லையென்றால் இல்லை. வீடு ஓடுவது அக்கா சம்பளத்தில். நான் அந்த லேபுக்கு ஸ்டோர்கீப்பர்.

போன வருஷம் நிர்வாகம் ஒரு கம்ப்யூட்டர் கேம் வாங்கியது. பேரிங், கியர், மூடி எல்லாவற்றையும் திரையிலேயே மாட்டலாம், மார்க்கும் வரும். கை தவறி நட்டு விழுந்தால் தானே பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். என்ன சொகுசு! கேமில் மட்டும் பழகிய ஒரு பிள்ளை நிஜ கியர்பாக்ஸைப் பூட்டிக் காட்டட்டும், காட்டிவிட்டால் விஜிலா மிஸ் தேவையில்லை என்று பிரின்சிபால் சொல்லிவிட்டார்.

வந்தவள் பேச்சிச்செல்வி, சாத்தான்குளத்துப் பெண். கேமில் அவள்தான் முதல். பிரின்சிபாலும் நிர்வாகத்து ஆட்களும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மளமளவென்று பூட்டினாள். நடுவில் ஒரு நட்டு நழுவிக் கியர்களுக்கிடையே விழுந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து மாட்டிவிட்டு மூடியைத் தூக்கினாள். எல்லாம் கேம் பழக்கம்.

எனக்கு ஒரே சந்தோஷம். மூடிவிட்டு மோட்டாரைப் போட்டால் கியர் பல் உடையும். அக்கா வேலை தப்பிக்கும். சும்மா இருங்க என்று, பக்கத்தில் நின்ற அக்கா கையைக் கிள்ளினேன்.

சுவரில் சாய்ந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "ஏளா, நில்லு. நட்டு உள்ள கெடக்கு பாரு."

பேச்சிச்செல்வி திடுக்கிட்டு, துழாவி எடுத்துப்போட்டு, மூடினாள். மோட்டார் நன்றாக ஓடியது. கைதட்டினார்கள். மிஸ் சொன்னதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "வாயப் பொத்திக்கிட்டு இருந்தா என்னக்கா? ஒங்க தலையில நீங்களே மண்ணள்ளிப் போட்டுட்டியளே!"

"இருக்கணும்னுதாம்ளா நெனச்சேன்," என்றாள். "பழகின வாய், கேக்க மாட்டேங்கு."

குனிந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். எனக்குத்தான் அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

மாதக் கடைசியில் அக்காவிடமிருந்த லேப் சாவியையும் என்னிடமே கொடுத்தார்கள். அந்தக் கியர்பாக்ஸை ஸ்டோருக்குள் தள்ளிக்கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டியதும் நான்தான்.