பேச்சிமுத்துவும் மழை மெஷினும்

பேச்சிமுத்துவின் வாயைப் பற்றிப் போடியில் தெரியாதவர் கிடையாது. பஸ்சில் கிளீனராக இருந்தபோது, டிரைவர் தூங்கிவிட்டதால் போடிமெட்டு வளைவுகளில் தானே ஓட்டி வந்ததாக டீக்கடையில் அளந்தான். அது டிரைவர் காதுக்குப் போனது, மறுநாளே வேலை காலி. ஏலக்காய் மண்டியில் சேர்ந்தான். அங்கேயும் வாய் சும்மா கிடக்கவில்லை. கடைசியில், பெண்டாட்டி மருதாயி ஐசக் முதலாளியின் ஏலத்தோட்டத்தில் நாற்றுக்குத் தண்ணீர்க் குடம் சுமந்த கூலியில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. பேச்சிமுத்துவுக்கும் வெட்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

ஐம்பத்தாறாம் வருஷக் கோடையில் முதலாளி ஒரு மழை மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். சக்கரம் வைத்த வண்டி. எதிர்முனை மரத்தில் கட்டிய கம்பியைத் தண்ணீர் விசையிலேயே சுருட்டிக்கொண்டு தானாக நகரும். நகர்ந்தபடியே எல்லா நாற்றுக்கும் ஒரே அளவாகத் தூறல் போடும்.

"இதை யாருடா ஓட்டுவான்?" என்று அவர் கேட்டதுதான் தாமதம்.

"நம்ம ஓட்டாத மெஷினா முதலாளி?" என்று முன்னால் போய் நின்றான், மருதாயியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த பேச்சிமுத்து.

"நாத்தங்கால் நெடுக மண்கலயம் வையி. சாயங்காலம் வர்றேன். எல்லாக் கலயத்துலயும் ஒரே அளவு தண்ணி இருந்தா நீதான் மெஷின்காரன். இல்லேன்னா எடத்தைக் காலி பண்ணு."

மெஷின்காரன்! அந்தப் பேரைக் கேட்டதுமே அவன் நெஞ்சு விம்மியது. கலயம் வைக்கிற வேலையை மருதாயியிடம் விட்டான். கம்பியை இழுத்துக் கட்டி, குழாயை மாட்டி, வண்டி சரிவில் உருண்டுவிடாமல் சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை அண்டை கொடுத்தான். மலைப்பாதையில் பஸ் நின்றால் கிளீனர் குதித்துச் செய்கிற முதல் வேலை அது. பிறகு ஓடைக்குப் போய், குழாய்க்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சினைக் கிளப்பிவிட்டு, அங்கேயே பீடியும் பேச்சுமாக உட்கார்ந்துவிட்டான்.

ஓடைக்குழி வற்றி எஞ்சின் இருமியபோதுதான் மேலே வந்து பார்த்தான். மெஷின் வைத்த இடத்திலேயே நின்றது. கல்லை எடுக்கவே இல்லை, மடப்பயல்! முன்னால் இருந்த கலயங்கள் வழிந்துகொண்டிருந்தன. கீழே ஜீப்பு சத்தம் வேறு கேட்டது.

கல்லை உருட்டிவிட்டு, மெஷினைக் கையாலேயே தள்ளிக் கடைசிக்குக் கொண்டுபோனான். வழிகிற தண்ணீரைக் காய்ந்த கலயங்களுக்குப் பங்கு வைக்கலாம் என்று குனிந்தால், அவற்றில் ஏற்கெனவே ஒரு வாய்த் தண்ணீர் இருந்தது. "ஆத்தா, நீயே எறங்கி வந்துட்டியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, முன்கலயங்களையும் அதே அளவுக்குக் கவிழ்த்துக் குறைத்தான்.

முதலாளி கலயம் கலயமாக எட்டிப் பார்த்தார். செருப்பில் புழுதி ஒட்டியதைக் கவனிக்கவில்லை. "பலே! நீதாண்டா மெஷின்காரன். நாளையில இருந்து கொடம் சொமக்குற பொம்பளைக வர வேணாம்."

அந்தப் பக்கம் நின்ற பெண்களின் முகம் செத்துப்போனது. மருதாயி அவன் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள்: "கலயத்துல ஊத்துனது நான்தான். நல்ல காரியத்துக்கு வெறுங்கலயமா வைப்பாக? ஒங்களுக்கு வேலை நெலைக்கணும்னு ஊத்துனேன்."

கல் வைக்காமல் விட்டால் நாளைக்கு மெஷின் ஜோராக ஓடும். அது பேச்சிமுத்துவுக்குத் தெரியும். அந்தப் பெண்களைப் பார்த்தான்.

"முதலாளி," என்றான், "மண்ணைத் தொட்டுப் பாருங்க. இங்கிட்டுச் சொட்டுத் தண்ணி விழல. இந்தச் சரிவுல இது நகரவே நகராது, நான்தான் கையால தள்ளிட்டு வந்தேன். ஏமாத்தி ஒங்க தலையில கட்டிட்டாய்ங்க. கலயத்துல இருக்கறது நான் ஊத்துனது."

முதலாளி குனிந்து புழுதியை அள்ளினார். அவர் வைத வசவை இங்கே எழுத முடியாது. மெஷினைத் திரும்ப லாரியில் ஏற்றி அனுப்பச் சொன்னார். பேச்சிமுத்துவை அதற்கு முன்னாலேயே விரட்டினார்.

தோட்டத்து வாசல் வரை மருதாயி கூடவே வந்தாள்.

"கல்லை நானும் பார்த்தேன்," என்றாள். "எடுத்திருந்தா ஓடியிருக்கும்ல?"

"ஓடியிருக்கும்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதை மட்டும் எவன்கிட்டயும் சொல்லிராதீக."

"சொல்ல மாட்டேன்," என்றான். சாகிற வரைக்கும் சொல்லவும் இல்லை.