நான் நகர்த்திய மெட்டு

ஒன்றரை வருடமாக என் வலது கைச் சுண்டுவிரல், அங்கே இல்லாத கம்பிகளைத் தேடிக்கொண்டிருந்தது. வீணையில் தாளக் கம்பிகளை மீட்டுகிற விரல் அது. சேத்தாரில் அதற்கு வேலை கிடையாது. பாரசீகர்களின் அந்தச் சிறிய வாத்தியத்தை மடியில் வைத்து, ஆட்காட்டி விரலின் நகம் ஒன்றாலேயே மேலும் கீழும் மீட்ட வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் வீணை படித்தவள் நான். அந்த ஏழு வருடமும் ஒவ்வொரு பாடத்திலும் குறுக்கே வந்து நின்றது. இடது கை தானாகவே கம்பியை இழுத்துச் சுரத்தை அசைக்கும். விடுங்கள், அது இருக்கிற இடத்திலேயே நன்றாகத்தான் இருக்கிறது என்று ஆசிரியை பிரெஞ்சில் சொல்வார். தெஹ்ரானிலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒருநாளும் கோபப்படமாட்டார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

சேத்தார் படிக்க ஆசைப்பட்டவள் என் மகள். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வன்னியிலிருந்த என் அண்ணையின் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவருடைய மகளுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, பன்னிரண்டு. அந்தக் கோடை முழுக்க, பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், எங்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, நான் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன், அவளோடு யாரும் ஒழுங்காகப் பேசவில்லை. செப்டம்பரில், பள்ளிக்கூடத்தில் யாரோ வாசித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு வந்து, சேத்தார் படிக்கப் போகிறேன் என்றாள். நான் சேர்த்துவிட்ட வீணை வகுப்பை ஆறு மாதத்தில் விட்டவள். மறுத்துப் பேச எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

வகுப்பு பக்கத்து ஊரான சென் தெனியில். கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறினால் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் பள்ளிக்கூடம் தவிர வேறெங்கும் பிள்ளையைக் கண் மறைவில் விட என்னால் முடியவில்லை. மூன்று சனிக்கிழமைகள் வகுப்புக்கு வெளியே நடையில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது கிழமை ஆசிரியை கதவைத் திறந்து, இங்கே குளிர், உள்ளே வாருங்கள், ஒரு வாத்தியம் மேலதிகமாக இருக்கிறது என்றார். மகள் தலை நிமிரவில்லை.

வீட்டில் இருவருக்கும் ஒரே வாத்தியம்தான். அவள் இரண்டு நாளில் பிடித்த பாடம் எனக்கு மூன்று கிழமையானாலும் வராது. வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டபடி கணவர் கேட்பார்:

"வீணை படிச்ச ஆளெல்லே நீர்? நாலு கம்பி உம்மை இந்தப் பாடு படுத்துதோ?"

மகள் அறைக்குள் இருந்து சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே வேண்டுமென்று பிழை விட்டிருப்பேன். அதற்குத் தேவை வரவில்லை.

எல்லாவற்றிலும் மோசம் அந்த ஒரு சுரம். சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். அவர்களுக்கு அது சரியான சுரம். எனக்குச் சோற்றில் மணல் கடிபட்டது போல இருக்கும்.

இரண்டாம் வருடம், மாணவர்கள் பெற்றோர் முன்னால் வாசிக்கும் நாள் ஒன்று வந்தது. மகள் முதல்முறையாகத் தனியே வாசிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். அன்றைக்கு நன்றாக வாசித்தால், பிறகு வகுப்புக்குத் தனியாகப் போகலாமா? ஓம் என்று சொல்லியிருந்தேன்.

அன்று காலை அவள் குளிக்கப் போயிருந்தாள். வாத்தியம் சூடாக்கிக்குப் பக்கத்தில், கதிரையில் கிடந்தது. எடுத்து மெல்ல மீட்டிப் பார்த்தேன். அந்தச் சுரம் வழக்கத்தைவிடக் கெட்டிருப்பதாகப் பட்டது. வீணையில் மெட்டுகளை, விரல் அழுத்திச் சுரம் பிடிக்கிற அந்த உலோகக் கட்டைகளை, மெழுகில் பதித்திருப்பார்கள். வெக்கை பட்டால் நகரும், சரி பார்த்து வைக்க வேண்டும். சேத்தாரில் மெட்டு என்பது கழுத்தைச் சுற்றிக் கட்டிய நூல், விரலால் தள்ளினாலே அசையும். சூட்டில் நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பிள்ளை நாலு பேர் முன்னால் வெட்கப்படக்கூடாது என்று நினைத்தேன். அந்தச் சுரத்துக்குரிய நூல்களை, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, குடத்துப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளினேன். சுத்தமான அந்தர காந்தாரம். அந்த வாத்தியம் முதல்முறையாக என்னோடு ஒத்துப்போனது.

மண்டபத்தில் அவள் கம்பிகளின் சுருதியை மட்டும் பார்த்துவிட்டுத் தொடங்கினாள். நாலைந்து சுரத்திலேயே முகம் மாறியது. திரும்பத் தொடங்கினாள், திரும்ப நின்றாள். குனிந்து வாத்தியத்தின் கழுத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மூன்றாம் வரிசையிலிருந்த என்னைப் பார்த்தாள்.

ஆசிரியை வந்து ஒரு நிமிடத்தில் நூல்களை இடத்துக்குத் தள்ளினார். சூட்டில் இப்படி நடப்பதுண்டு என்று சபைக்குச் சொன்னார். அது நான்தான் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகள் திரும்ப வாசித்து, பாதியில் முடித்துக்கொண்டாள். நான் கை தட்டினேன்.

ரயிலில் என் பக்கத்தில் இடமிருந்தும் எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே தள்ளினீங்கள்?"

"ஓம்."

"நான் தனியப் போகக்கூடாதெண்டுதானே?"

"இல்லைப் பிள்ளை. பிழையாக் கேட்டுது. சரியாக்கினனான்."

"அது பிழையில்லை அம்மா. எத்தினை தரம் சொன்னனான்?"

அதற்குப் பிறகு பிரெஞ்சில் வேகமாக நிறையச் சொன்னாள். பாதிதான் எனக்குப் பிடிபட்டது.

இல்லை என்று நான் சொன்னது உண்மை. ஆனால் மேடையில் அவள் இரண்டாம் தரம் நின்றபோது, அடுத்த சனிக்கிழமையும் நான் கூடப் போகலாம் என்ற நினைப்பு எனக்குள் வந்தது. நூலைத் தள்ளிய பிறகு வந்த நினைப்பு, அதற்கு முன்பு வந்ததில்லை. இந்த வித்தியாசத்தை ஒரு பிள்ளைக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

"வாற கிழமை தனியப் போ" என்றேன்.

"நான் நல்லா வாசிக்கேல்லையே."

"போ எண்டுறன்."

போனாள். வாத்தியத்தையும் கொண்டுபோய்விட்டதால் கைக்கு ஒன்றுமில்லாமல் வீட்டில் இருந்தேன். சேர்ந்ததும் செய்தி அனுப்பச் சொல்லியிருந்தேன், அனுப்பவில்லை. ஆசிரியையின் தொலைபேசி இலக்கத்தை இரண்டு தரம் அழுத்தி இரண்டு தரமும் நிறுத்தினேன். சொன்ன நேரத்துக்கே, ஐந்து மணிக்கு வந்தாள். நான் ஏன் வரவில்லை என்று ஆசிரியை கேட்டதாகச் சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னாள்.

"நீ என்ன சொன்னனீ?"

"அம்மாவுக்கு இனிச் சனிக்கிழமையிலை வேலையெண்டு சொன்னனான்."

எனக்குச் சனிக்கிழமையில் ஒரு வேலையும் இல்லை.