மெர்வினின் புதன்கிழமை அரைமணி

மெர்வின் டல்லக் வாழ்நாளெல்லாம் பால் லாரி ஓட்டியவர். நாட்டின் தென்கோடியான எங்கள் சவுத்லாந்தில் அவர் லாரி நுழையாத மாட்டுப்பண்ணை கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாரியை விட்ட பிறகு, புதன்தோறும் எங்கள் அரசு ஆரம்பப் பள்ளிக்கு வந்து பைபிள் கதை சொன்னார். சம்பளம் இல்லாத வேலை. மற்ற நாளெல்லாம் ரேடியோவோடுதான் பேச்சு என்று அவரே சொல்வார்.

நான் கிரேம். அந்தப் பள்ளியில் ஹீட்டர், சாக்கடை, உடைந்த ஜன்னல் எல்லாம் என் பொறுப்பு. சர்ச் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன்.

அரசுப் பள்ளி திறந்திருக்கும்போது மதம் சொல்லித்தரக் கூடாது. அதனால் அந்த அரைமணிக்குப் பள்ளியே மூடியிருப்பதாகக் கணக்கு. பிள்ளைகள் உள்ளேதான் இருப்பார்கள், ஹீட்டர் ஓடும், ஆனால் பள்ளி மூடியாச்சு. முன்பு வேண்டாம் என்கிற பெற்றோர்தான் சொல்ல வேண்டும். இப்போது வேண்டும் என்பவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் மெர்வினை எதிர்க்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை, அவ்வளவுதான். வகுப்பு வற்றி வற்றிக் கடைசியில் ஒரே பிள்ளை நின்றாள், அல்தியா. பிலிப்பீன்ஸ் குடும்பம். அப்பா ரொம்மெல் பண்ணையில் பால் கறக்கிறவர்.

ஒற்றைப் பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்பது அவரை அனுப்பிய சர்ச் வைத்த விதி. நான் போய் இரண்டாவது ஆளாக உட்கார்ந்தேன். தலைமையாசிரியை ஜனீன் பிடித்துக்கொண்டாள்.

"நீ பள்ளிக்கூடத்து ஆளு. அதுல உட்காரக் கூடாது."

"பள்ளிக்கூடம்தான் மூடியிருக்கே. அப்போ நான் யாரோ ஒருத்தன்."

"போய்த் தொலை," என்று சிரித்துவிட்டாள்.

அன்றைக்கு, கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்க்க சகேயு மரத்தில் ஏறின கதை.

"குட்டையா இருந்ததாலயா ஏறினாரு?" என்று கேட்டாள் அல்தியா. "எங்கப்பாவும் குட்டைதான். டிராக்டர் மேல ஏறி நிப்பாரு."

மெர்வினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "பாத்தியா கிரேம், உன்னைவிட இவளுக்கு பைபிள் தெரியுது."

"என் நாய்க்கே என்னைவிட நல்லாத் தெரியும்."

அல்தியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "ஜூன் ஒண்ணாந்தேதி நாங்க போறோம்," என்றாள்.

எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்குகிற ஜூன் ஒன்றாம் தேதிதான் பால் கறக்கிற குடும்பங்கள் பண்ணை மாறுகிற நாள். அன்றைக்கு ரோடு முழுக்கக் கட்டிலும் நாயும் கோழிக்கூண்டும் ஏற்றின வண்டிகள்தான். மெர்வினுக்குத் தெரியாததில்லை. ஆனாலும் மறுநாள், "வா, போய்க் கேட்டுப் பாப்போம்," என்று என்னை இழுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார்.

ரொம்மெல் சாணி கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போகக் கூடாதாப்பா?"

"பண்ணையே கைமாறிருச்சு சார். புது முதலாளி தன் ஆளுங்களோட வர்றாரு. இருன்னு யாராவது சொன்னா நான் இருக்க மாட்டேனா?"

"எங்க போறீங்க?"

"டிமாரு பக்கம். அஞ்சு மணி நேர ஓட்டம்."

அத்தனை தூரத்தையும் மெர்வின் ஓட்டிப் பார்த்தவர். "ரோடு நல்லாத்தான் இருக்கும்," என்றார்.

அவர்கள் போனார்கள். பண்ணைகளுக்குப் புதுக் குடும்பங்கள் வந்தன, பள்ளிக்குப் புதுப் பிள்ளைகளும் வந்தார்கள். மெர்வினுக்கு உயிர் வந்துவிட்டது. ஜனீன் அறைக்குப் போய் நின்றார்.

"வீடு வீடாப் போய்க் கேக்கட்டுமா?"

"பள்ளிக்கூடத்து பேரைச் சொல்லிப் போகக் கூடாது மெர்வின். நானும் கேக்கக் கூடாது. பெத்தவங்களுக்குப் போற வாராந்திரத் தாள்ல ஒரு வரி போடறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஒரு வரி போட்டாள். பிள்ளைகளுக்கு சூப் கொடுக்கிற நாளின் அறிவிப்புக்குக் கீழே. யாரும் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த அரைமணிக்குப் பள்ளியை மூட இனிக் காரணமில்லை, நீயே அவரிடம் சொல்லிவிடு என்று என் தலையில் கட்டினாள். போன் செய்ய இரண்டு தடவை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

புதன்கிழமை தலை வாரி, டை கட்டி வந்துவிட்டார். உறைபனி விழுந்த காலை. கேட்டிலேயே நிறுத்திச் சொன்னேன்.

"ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்லை."

"குளிர்காலம். யாரு இதையெல்லாம் யோசிப்பாங்க? வெயில் வந்ததும் இன்னொரு வரி போடச் சொல்லு."

"சொல்றேன்."

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. அவர் போகவில்லை. கேட் கம்பியை விரலால் துடைத்தார்.

"அடுத்த புதன் வரலாமாப்பா?"

"எதுக்கு?"

"சும்மாதான். உனக்கு ஏதாவது பிடிக்க, தூக்க."

வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பள்ளி நேரத்தில் வெளியாள் வந்தால் அனுமதி வேண்டும்.

"ஜனீன்கிட்ட கேக்கணும்."

"சரி, கேட்டுச் சொல்லு."

இன்னும் நான் கேட்கவில்லை.