ஓமந்தையில் நின்ற என் அடீனியம்

எங்கள் வீடு முரசுமோட்டையில் வயல்கரையோடு இருக்கிறது. மாரி தொடங்கினால் முற்றத்தில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். நான் சாடிகளில் வளர்க்கிற அடீனியப் பூக்கண்டுக்கு அது ஆகாது. எந்த வெயிலையும் தாங்குகிற அந்தக் கண்டு, தொடர்ந்து நனைந்தால் அடிக்கிழங்கு பஞ்சாகி அழுகிவிடும். மார்கழிப் பனிக்கு இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும். அந்த நேரம் கூரைக்குக் கீழே வைத்து, தண்ணீர் ஊற்றாமல் சும்மா விடவேண்டும். தை பிறந்து வெயில் ஏறியபிறகு வெளியே எடுத்தால் பங்குனியில் பூக்கும்.

என் வீட்டில் கூரைக்குக் கீழே உரமூட்டைக்கே இடம் போதாது. அதனால் ஒவ்வொரு ஐப்பசியிலும் பூச்சாடிகளை ஓட்டோவில் ஏற்றி, கிளிநொச்சி ரவுனில் ஒரு அக்காவின் வீட்டில் கொண்டுபோய் விடுவேன். அவவும் நானும் ஒரே முன்பள்ளியில் படிப்பித்தவர்கள். அவவின் மகளுக்குக் கை பிடித்து 'அ' எழுதப் பழக்கியது நான்தான். அவவின் வீட்டில் கண்ணாடி யன்னல் போட்ட நீள விறாந்தை இருந்தது. மழையும் படாது, வெளிச்சமும் குறையாது.

அந்தச் சாடிகளில் ஒன்று நான் விதை போட்டு முளைக்கவைத்தது. வெள்ளைப் பூ, ஓரத்தில் மட்டும் கருஞ்சிவப்பு. சின்னக் கண்டாக இருக்கும்போது கோழி கிளறிப் பிடுங்கிப்போட்டது. சாயாமல் நிற்க ஒரு ஓட்டுத் துண்டை முட்டுக்கொடுத்து நட்டேன். வளர வளர வேர் அந்த ஓட்டைக் கவ்விக்கொண்டது. பிறகு எடுக்க முடியவில்லை.

ஒரு மார்கழியில் அக்கா போன் எடுத்தா. குரல் அடைத்திருந்தது.

"உம்மடை வெள்ளை அழுகிப்போச்சு. யன்னல் திறந்துகிடந்தது கவனிக்கேல்லை. நாத்தம் தாங்கேலாமல் கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டன்."

"விடுங்கோ அக்கா. மாரியிலை நடக்கிறதுதானே. நீங்கள் அழாதேங்கோ," என்றேன். அவவைத் தேற்றிவிட்டுத்தான் போனை வைத்தேன். தையில் போனபோது வெறும் சாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தா. அதையும் மற்றச் சாடிகளோடு ஏற்றிக்கொண்டு வந்தேன்.

அந்த வைகாசியில் அவவின் மகளுக்கு ஓமந்தையில் கலியாணம் நடந்தது. கொஞ்ச நாள் கழித்து நான் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று ஓமந்தையில் இறங்கினேன்.

வாசற்படியில் புதுச் சாடியில் என் வெள்ளை நின்றது. பூத்திருந்தது. குனிந்து பார்த்தேன். வேருக்குள் அந்த ஓட்டுத் துண்டு.

பிள்ளையின் மாமியார் பின்னால் வந்து நின்றா. "வடிவான பூ என்ன? கார்த்திகையிலை பொம்பிளை பார்க்க வந்தண்டைக்கு விறாந்தையிலை கண்டு ஆசைப்பட்டுக் கேட்டனான். சம்பந்தி தானே விதை போட்டு வளர்த்ததாம். உடனை தூக்கித் தந்தவ."

பிள்ளை தேத்தண்ணியோடு வந்தது. நான் சாடிக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டது. அதுக்கும் தெரிந்திருக்கிறது.

"மழை தொடங்கினால் உள்ளுக்கு எடுத்து வையுங்கோ," என்று மட்டும் மாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"ஓமந்தையிலை என்ரை கண்டைக் கண்டனான்."

அவ கதிரையை இழுத்துப் போட்டா. "இரும்."

நான் இருக்கவில்லை.

"சம்பந்தி வாய்விட்டுக் கேட்டா. அந்த நேரம் இது என்ரை இல்லையெண்டு சொல்ல வரேல்லை."

"பிறகாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொன்னால் நீர் திருப்பிக் கேப்பீரெண்டு பயந்தன்."

"பிள்ளையின்ரை கலியாணத்துக்கெண்டால் நானே கொண்டுவந்து குடுத்திருப்பன்."

அவ இழுத்த கதிரையைத் திருப்பித் தள்ளி வைத்தா. பிறகு, "ஒரு பூக்கண்டுதானே. வேறை வாங்கித் தாறன்," என்றா.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது. கண்டை நினைத்து இல்லை. அழாதேங்கோ என்று நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் அவவின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துத்தான்.

அடுத்த ஐப்பசியில் முதல் மழைக்கே அவவின் போன் வந்தது. "இன்னும் சட்டியளைக் கொண்டு வரேல்லையே? விறாந்தையைக் கூட்டித் துடைச்சு வைச்சிருக்கிறன்."

ஒன்றுமே நடக்காத மாதிரித்தான் கேட்டா.

"இந்த முறை வீட்டிலையே வைக்கிறன் அக்கா," என்றேன்.

என் அவர் குசினிச் சுவரோடு பலகை அடித்து, மேலே தறப்பாள் கட்டித் தந்தார். கார்த்திகைக் காற்று அதைக் கிழித்தது. நாங்கள் வேறு கட்டுவதற்குள் இரண்டு கண்டுகள் அழுகிவிட்டன. கிழங்கை அமத்திப் பார்த்தேன், விரல் உள்ளே போனது. அவவின் விறாந்தையில் நின்றிருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும். அது தெரிந்தும், மிச்சச் சாடிகளைத் தூக்கி எங்கள் கட்டிலுக்குக் கீழேதான் தள்ளிவைத்தேன்.